இணையம் எந்த இடத்தில் அறுந்தது? நான்கு படிகளில் கண்டுபிடியுங்கள்

"வைஃபை இருக்கிறது, ஆனால் இணையம் வரவில்லை" என்று பலர் குழம்புவார்கள். இதில் குழப்பமே இல்லை. இரண்டும் வேறு வேறு. உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கம்பியில்லாத் தொடர்புதான் வைஃபை. இணையம் ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது. விண்டோஸ் கணினி ஒன்றின் முன் உட்கார்ந்து, படித்தபடியே செய்து பாருங்கள்.

படி 1: கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டி எண்டரை அழுத்துங்கள். வரும் வரிகளில் ஐபிவி4 முகவரி என்பதைத் தேடுங்கள். 192.168.1.7 என்பதுபோல நான்கு எண்கள் புள்ளி வைத்து இருக்கும். உங்கள் கணினியின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், இதுதான். கணினி கேட்க, ரவுட்டர் இதை ஒதுக்கிக் கொடுத்தது. அந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பதால், நாளை எண் மாறியிருந்தாலும் பதற வேண்டாம்.

அந்த எண் 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். முகவரி கேட்டுப் பதில் கிடைக்காததால் கணினி தானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அதாவது சிக்கல் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான். இதை அறியாத நாளில் ஒரு மாலை முழுவதும் சேவை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டேன். கடைசியில் பார்த்தால், என் மேசைக்குப் பின்னால் கேபிள் பாதி கழன்றிருந்தது.

படி 2: அதே பட்டியலில் டீஃபால்ட் கேட்வே என்ற வரி இருக்கும். அது ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. 'பிங்' (ping) கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். அந்த முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை இது. பதில் வந்தால் ரவுட்டர் வரை பாதை சரி. பதில் விட்டுவிட்டு வந்தால் ரவுட்டருக்கு அருகே போய் மறுபடி பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது தளர்ந்துவிடும், 2.4 அதைவிட வேகம் குறைந்தது, எட்டும் தூரம் அதிகம்.

படி 3: இப்போது 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் செய்யுங்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் கணினி. ரவுட்டர் பதில் தந்து, இது தராவிட்டால், ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ கோளாறு என்று கொள்ளலாம். சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

உங்கள் 192.168 எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அதே எண் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான், உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதாது. ஆகவே ரவுட்டர் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்காகவும் ஒரே முகவரியில் வெளியே பேசி, வரும் பதிலை உரிய கருவிக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இதுவே என்ஏடி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

படி 4: எண்ணுக்குப் பதிலாக கூகுள் தளத்தின் பெயருக்கு (google.com) பிங் செய்யுங்கள். எண் வேலை செய்து பெயர் மட்டும் கிடைக்கவில்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில்தான் சிக்கல். ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

அந்த அமைப்புப் பக்கத்தைத் திறக்க, கேட்வே எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டினால் போதும். உள்ளே போனதும் இன்னொன்றையும் செய்துவிடுங்கள்: ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது வைஃபை கடவுச்சொல் அல்ல, வேறு.