பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடி ஜர்னல் உண்மையா போலியான்னு பாக்குறது எப்படி

போன வருஷம் சம்பா அறுப்பு நேரம், ராத்திரி ஒம்பது மணி இருக்கும், எங்கிட்ட படிச்ச பொண்ணு ஒன்னு போன் பண்ணி அழுவுது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போர் தண்ணி எவ்ளோ உப்பாயிட்டு வருதுன்னு நாலு வருஷமா ஊர் ஊரா பஸ்ல போய் கேன்ல சாம்பிள் புடிச்சு பிஎச்டி பண்ற பொண்ணு அது. பேப்பர் அனுப்பிருக்கு, 2 நாள்ல அக்செப்ட்டுன்னு மெயில் வந்துருச்சு, 18,000 ரூபா ஜிபே பண்ணிருக்கு, அம்மாவோட தோட்ட அடகு வச்ச காசு. ஒரு மாசம் கழிச்சு டிபார்ட்மென்ட்ல பாத்துட்டு இது டூப்ளிகேட் சைட்டும்மான்னு சொல்லிட்டாங்க.

அந்த ஜர்னல் குடுத்த சர்டிபிகேட்ட வாட்ஸ்அப்ல அனுப்புச்சு. தங்கக் கலர் பார்டர், மூலையில ரோஸ் கலர் சீல், நடுவுல இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு ஜர்னல்ல வந்த பேப்பர மத்தவங்க சராசரியா எத்தன தடவ மேற்கோள் காட்டுறாங்கங்குற கணக்கு) 7.8ன்னு கொட்டை எழுத்துல. நான் பாத்த நல்ல ஜர்னல் எதுவும் பேப்பர் வந்ததுக்கு பார்டர் போட்டு சர்டிபிகேட் குடுத்ததில்ல. பேப்பர படிச்சு சோதிக்கிற ரிவ்யூவரோட கமெண்ட் எங்கம்மான்னு கேட்டா ஒரே ஒரு வரி, பேப்பர் நல்லாருக்கு பப்ளிஷ் பண்ணலாம்னு. நாலு வருஷ உழைப்புக்கு ஒரு வரி. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, அதான் இத எழுதுறேன், டெல்டா பக்கம் பிஎச்டி பண்ற புள்ளைங்க பாதிப்பேர் வீட்டுல முதல் பட்டதாரி, கேக்குறதுக்கு ஆள் இல்ல.

மொதல்ல ஒன்னு. நம்பலாம்னு யூஜிசி போட்டு வச்சிருந்த ஜர்னல் பட்டியல், யூஜிசி கேர் லிஸ்ட்டுன்னு, இப்ப கிடையாது. 2019ல ஆரம்பிச்சாங்க, 2025 பிப்ரவரில எடுத்துட்டாங்க, ஜர்னல தேர்ந்தெடுக்குற பொறுப்பு இனிமே யுனிவர்சிட்டிக்கும் நமக்கும்தான். ஆனா இன்னைக்கும் 'யூஜிசி கேர் பப்ளிகேஷன், 3 நாள் கேரண்டி'ன்னு மெசேஜ் வருது, அதப் பாத்த உடனே பிளாக் பண்ணுங்க. இன்னொன்னு, 2022 பிஎச்டி ரெகுலேஷன்ல தீசிஸ் குடுக்க பேப்பர் கட்டாயம்ங்குறத யூஜிசி எடுத்துருச்சு. உங்க யுனிவர்சிட்டி தனியா ரூல் வச்சிருக்கலாம், அத சீனியர் சொன்னாருன்னு நம்பாம ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. அவசரப்பட்டு காசு கட்டுற பல பேருக்கு அந்த அவசரமே தேவைப்படாது.

இப்ப செக் பண்ற விஷயம். மெசேஜ்லயோ மெயில்லயோ வந்த லிங்க்க தொடாதீங்க. நல்ல ஜர்னலோட பேரையும், ஜர்னலுக்குன்னு இருக்குற அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் நம்பரையும் அப்படியே எடுத்து அச்சு அசலா இன்னொரு சைட் கட்டி வச்சிருப்பாங்க, அந்தப் பொண்ணு மாட்டுனது இதுலதான். ஐஎஸ்எஸ்என் இருக்கே அக்கான்னு கேட்டுச்சு. அது வெறும் 8 இலக்கம், வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்குங்குறதால பிரேக் புடிக்கும்னு ஆயிடுமா. அந்த நம்பர ஐஎஸ்எஸ்என் போர்ட்டல்ல போட்டு எந்த நாடு, எந்த பப்ளிஷர்னு பாருங்க. அதே நம்பர ஸ்கோபஸ்ங்குற ஜர்னல் டேட்டாபேஸோட சோர்ஸ் பக்கத்துல போடுங்க, அது ஃப்ரீதான், லாகின் வேண்டாம். பேர வச்சு தேடாதீங்க, ஒரே மாதிரி பேர் நெறய இருக்கும். எந்த வருஷம் வரைக்கும் அந்த ஜர்னல அதுல சேத்திருக்காங்கன்னு அங்க இருக்கும், நடுவுல நிறுத்திட்டாங்கன்னா அதுவும் தெரியும். ஸ்கோபஸ்ல இருக்குன்னு மட்டும் வச்சு நிம்மதியாயிடாதீங்க, போலி சைட்டுங்க அதுக்குள்ளயும் நுழைஞ்சிருக்கு.

அதனால எனக்கு ரொம்ப நம்பிக்கையான செக் டிஓஐதான், அதாவது ஒவ்வொரு பேப்பருக்கும் தனியா இருக்குற நிரந்தர அடையாள எண். அந்த சைட்ல ரெண்டு மூணு வருஷம் பழைய பேப்பர் ஒன்ன எடுங்க, அதோட டிஓஐ நம்பர டிஓஐ டாட் ஓஆர்ஜி பக்கத்துல போட்டு அடிங்க. அது வேற சைட்டுக்கு கொண்டு போனாலோ ஒன்னுமே வரலன்னாலோ அப்படியே எந்திரிச்சு வந்துருங்க. அந்தப் பொண்ணோட ஜர்னல நான் இப்படித்தான் பாத்தேன், அஞ்சு நிமிஷம் ஆகல, ஐரோப்பாவுல இருக்குற உண்மையான ஜர்னல் பக்கம் தொறந்துச்சு, அதுல இவங்க கேட்ட ஃபீஸ் பத்தி பேச்சே இல்ல.

எடிட்டோரியல் போர்டுல ரெண்டு பேர எடுத்து அவங்க யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்குற மெயிலுக்கு எழுதி கேளுங்க, நீங்க இதுல இருக்கீங்களான்னு. தப்பே இல்ல, பல பேர் பதில் போடுவாங்க, தம் பேர் அங்க இருக்குறதே தெரியாதவங்களும் இருக்காங்க. இம்பாக்ட் ஃபேக்டர் கிளாரிவேட் கம்பெனி மட்டும்தான் கணக்குப் போட்டு விடுது, வேற யாரோ குடுத்ததா போட்டிருந்தா அது எண்ணே இல்ல. அப்புறம் நேரம். நம்ம ஆடுதுறை 43 நெல்லே 110 நாள் கேக்குது, ரெண்டு பேர் படிச்சு கேள்வி கேட்டு திருத்தி வர்றதுக்கு மாசக்கணக்கு ஆகத்தான் செய்யும்.

காசு கேட்டாலே போலின்னும் இல்ல, பெரிய கம்பெனி பேருன்னாலே நல்லதுன்னும் இல்ல. ஹிந்தாவிங்குற ஜர்னல் கம்பெனிய வைலிங்குற பெரிய பப்ளிஷர் 2021ல வாங்குனாங்க, 2023ல மட்டும் 8,000 பேப்பருக்கு மேல வாபஸ், அதுல பெரும்பாலும் ஸ்பெஷல் இஷ்யூல, அதாவது ஒரு தலைப்புக்குன்னு தனியா போடுற இதழ்ல வந்தது. அதனால ஸ்பெஷல் இஷ்யூக்கு அழைப்புன்னு மெயில் வந்தா ரெண்டு தடவ யோசிங்க. காசு இல்லாதவங்க டிஓஏஜேங்குற, எல்லாரும் இலவசமா படிக்கக்கூடிய ஜர்னல்ங்களோட பட்டியல் பக்கத்துல ஃபீஸ் இல்லாததுன்னு ஃபில்டர் போட்டு தேடலாம். இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் நடத்துற ஜர்னல்ங்க சாதாரணமா ஆதர்கிட்ட காசு வாங்குறதில்ல, நிலத்தடி தண்ணி வேலைக்கு ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ் அங்கயே இருக்கு.

ஜர்னல் சுத்தமா இருந்தா போதாது, நம்ம பேப்பரும் சுத்தமா இருக்கணும். 2018 யூஜிசி ரெகுலேஷன்படி மத்தவங்க எழுதுனதோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல, அந்த எண்ணுக்குப் பயந்து புள்ளைங்க பாராஃப்ரேஸ் டூல்ல போட்டு வார்த்தைய மாத்துறாங்க. அது ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜன்ஸ்ங்குறத கவுன்ட்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்னு மாத்தி வச்சிரும். இந்த மாதிரி வார்த்தைங்கள கம்ப்யூட்டர வச்சே தேடிப் புடிக்கிறாரு கியோம் கபனாக்னு பிரான்ஸ்ல ஒருத்தர், 2021லேருந்து ஆயிரக்கணக்குல பேப்பர் அதுல சிக்கிருக்கு. அந்த பாராஃப்ரேஸ் டூல் வேண்டவே வேண்டாம். ரெகுலேஷன படிச்சுப் பாருங்க, ரெஃபரன்ஸ் லிஸ்ட், ஈக்வேஷன், முறையா மேற்கோள் காட்டுனது எதுவும் அந்தக் கணக்குல வராது, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துல தொடர்ந்து 14 வார்த்தை வரைக்கும் ஒத்துப்போனாலும் வராது. அனுப்புறதுக்கு முந்துன நாள் ரெஃபரன்ஸ் ஒவ்வொன்னையும் வாபஸ் ஆன பேப்பர்களோட பட்டியலான ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸ்ல பாத்துருங்க, 2023ல டிஓஐ பதிவு பண்ற கிராஸ்ரெஃப் அமைப்பு அத வாங்கி எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க. ரெஃபரன்ஸ் சேத்து வைக்கிற ஸொடெரோ சாஃப்ட்வேர் யூஸ் பண்ணுனா வாபஸ் ஆனதுக்கு அதுவே சிவப்பா காட்டும்.

ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்கன்னா, காசு போன உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, லேட் பண்ணா காசு கெடைக்கிற வாய்ப்பு கொறையும். காப்பிரைட் ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க. வாபஸ் வாங்குறேன்னு மெயில் போட்டு எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, வாபஸ் ஃபீஸ்னு கேப்பாங்க, ஒத்த ரூபா குடுக்காதீங்க. கைடுகிட்ட மறைக்காதீங்க, திட்டு வாங்குனாலும் பரவால்ல. அதே பேப்பர வேற ஜர்னலுக்கு அனுப்பும்போது நடந்தத கவர் லெட்டர்ல அப்படியே எழுதுங்க. மறைச்சு அனுப்பி பின்னாடி தெரிஞ்சா ஒரே பேப்பர ரெண்டு எடத்துல போட்டதா ஆயிடும், அந்தப் பழி நம்ம மேல வரும்.

அந்தப் பொண்ணுக்கு காசு திரும்பி வரல. கவர் லெட்டர ரெண்டு பேரும் உக்காந்து மூணு தடவ திருத்தி வேற ஜர்னலுக்கு அனுப்புனோம், எடிட்டர் ரிவ்யூக்கு எடுத்துக்கிட்டாரு. நாலு மாசம் கழிச்சு ஏழு பக்கம் கமெண்ட் வந்துச்சு. ரெண்டாவது ரிவ்யூவர் ஒவ்வொரு போரும் எத்தன அடின்னு டேபிள்ல போடச் சொல்லிருந்தாரு, அதுல பதினொரு போருக்கு இது அளவே எடுக்கல. மறுநா காலையில மொத பஸ்ஸுக்கு தலைஞாயிறு கெளம்பிருச்சு, கயித்துல முடிச்சுப் போட்டு கல்லக் கட்டி எடுத்துக்கிட்டு.