டயாலிசிஸ் செய்துகொள்வோரின் தூக்கமின்மை: நடத்தைச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலிருந்து பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ வாரம் 3 முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் தமிழ்க் குடும்பங்களில், ஊசிக்கும் தண்ணீர்க் கட்டுப்பாட்டுக்கும் பழகிவிட்டவர்கள்கூட, இரவில் கண் மூடாமல் கிடப்பதை மட்டும் தாங்க முடியவில்லை என்பார்கள். இதற்கு மாத்திரையில்லாத ஒரு வழி நடத்தைச் சிகிச்சை. படுக்கும் நேரம், எழும் நேரம், படுக்கையில் கழியும் பொழுது, தூக்கத்தைப் பற்றிய அச்சம் ஆகியவற்றைச் சில வாரங்களில் படிப்படியாக மாற்றும் முறை அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதையே தர வேண்டுமென்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஆனால் பொது நோயாளிகளுக்காக வகுத்த விதிகளை டயாலிசிஸ் நோயாளியின்மேல் அப்படியே சுமத்தும்போது, சிகிச்சையே ஒரு கூடுதல் தொல்லையாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் தூக்கமின்மை என்றே எடுத்துக்கொள்வது முதல் தவறு. மாலை மங்கியதும் கால்களுக்குள் குடைச்சல் எடுத்து, அசைத்துக்கொண்டே இருந்தால்தான் சற்று ஆறுகிறது என்றால், அது ‘ஓய்வற்ற கால்கள்’ எனப்படும், சிறுநீரகச் செயலிழப்பில் அடிக்கடி காணப்படும் தனி நோய். இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும், உண்ணும் மருந்துகளையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அரிப்புக்குத் தரப்படும், தூக்கக் கலக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகளே குடைச்சலைக் கூட்டக்கூடும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதைப் பக்கத்தில் படுப்பவரே சொல்ல முடியும்; அதுவும் தனிக் கோளாறுதான். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால், உடலில் தண்ணீர் தேங்கியிருக்கலாம்; அதை அடுத்த டயாலிசிஸ்வரை தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த தவறு மிக நுட்பமானது, அன்பினால் நேர்வதும்கூட. காலை முதல் ஷிஃப்டுக்காக விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒருவர், இயந்திரத்தில் படுத்திருக்கும் 4 மணி நேரத்தில் பாதியைத் தூங்கிக் கழிக்கிறார். வீடு திரும்பிச் சாப்பிட்டதும், “களைச்சுப் போயிருக்கீங்க, கொஞ்சம் படுங்க” என்று மனைவி பாய் விரிக்கிறார். பொழுது சாயும்போது எழுகிறார். பிறகு, விட்ட தூக்கத்தைப் பிடிக்கும் எண்ணத்தில் இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறார். உடலுக்கு வேண்டிய தூக்கத்தில் பெரும்பகுதி பகலிலேயே தீர்ந்துவிட்டதால், நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிறார். இவருக்கு மருந்து தேடுமுன், சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், அன்று டயாலிசிஸ் உண்டா இல்லையா என்ற ஐந்தையும் இரண்டு வாரம் குறித்து வைப்பது நல்லது. டயாலிசிஸ் நாளும் மற்ற நாளும் எவ்வளவு விலகிப் போகின்றன என்பது அந்தத் தாள்களிலேயே தெரியும். இரண்டுக்கும் எழும் நேரம் ஒன்றாக இருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் அச்சாணி என்பது என் உறுதியான எண்ணம்.

குறிப்பைக் கொண்டு படுக்கை நேரத்தைச் சுருக்குவார்கள். 9 மணி நேரம் படுத்து 5½ மணி நேரமே தூங்குகிறவர், முதலில் 5½ அல்லது 6 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருந்து, அதில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கியபின் 15 நிமிடம் 15 நிமிடமாகக் கூட்டிக்கொள்வார். இதைத் தானாகவே 4 மணி நேரமாகக் குறைத்துக்கொள்வது ஆபத்து. 5 மணி நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தொடக்க வாரங்களில் பகலில் தூக்கக் கலக்கம் கூடும் என்பதால் இருசக்கர வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு வந்தவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இதில் இறங்கக் கூடாது. டயாலிசிஸ் முடிந்த அசதி உண்மையானது. ஆகவே பகல் தூக்கத்தை அடியோடு தடை செய்யாமல், பிற்பகல் 3 மணிக்கு முன் அரைமணி நேரம் என்று எல்லை வைப்பதே நியாயம்.

தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ என்ற விதிக்கும் இங்கே திருத்தம் தேவை. ரத்த அழுத்தம் இறங்கியிருப்பவர் இருட்டில் சட்டென்று எழுந்தால் விழக்கூடும். கட்டிலோரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து, அருகில் போட்ட நாற்காலிக்கு மாறினாலே போதும்.

ஜாதிக்காய்ப் பால், சூடு தணிய இளநீர், இரவில் ஒரு கட்டன் சாயா என்று வரும் யோசனைகளை வரிசையாக மறுத்துவிடலாம். பாலில் பாஸ்பரஸ், இளநீரில் பொட்டாசியம், தேநீரில் கஃபீன். மூன்றுமே தண்ணீர்க் கணக்கிலும் சேரும்.

பலனைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வதும் தவறுதான். தைவானில் நடந்த சிறு ஆய்வுகள் நன்மை காட்டின. ஆனால் 2024இல் வெளியான, 126 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தொலைவழி நடத்தைச் சிகிச்சையும், தூக்கத்துக்குத் தரப்படும் டிராசோடோன் மாத்திரையும், ஒப்பிடுவதற்காகத் தரப்பட்ட மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக அமையவில்லை. அதோடு, டிராசோடோன் எடுத்தவர்களிடம் இதயம் சார்ந்த கடும் பாதிப்புகள் கூடுதலாகக் காணப்பட்டன. இதனால் சிகிச்சையைக் கைவிட வேண்டும் என்று நான் கருதவில்லை; நோயாளியின் இதயத்துக்குக் கூடுதல் சுமையாகாத ஒன்றை முதலில் முயல்வதே முறை. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை, மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவருக்குப் பெருங்கேடாகலாம்.

கடைசியாக, எல்லைப்புறத்துக்கே உரிய ஒன்று. ஆலோசகர் மலையாளத்தில் விளக்க, முழுதும் புரியாமலேயே “சரி” என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்தச் சிகிச்சை பேச்சாலேயே நடப்பது. இரவில் மனத்தில் ஓடும் அச்சத்தைச் சொந்தச் சொற்களில் சொல்லாமல் அது நடக்காது. தமிழில் பேச வேண்டுமென்று தயங்காமல் கேட்கலாம்; மைய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலும் மலையாளத்திலும் பேச முடியும். தொலைபேசி ஆலோசனைக்கு ஏற்பாடு செய்ய முடிந்தால், இயந்திரத்தில் படுத்திருக்கும் நேரத்திலேயே அதை வைத்துக்கொள்வது நல்லது. தனியாக ஒரு பயணம் மிச்சமாவதோடு, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பகல் உறக்கமும் அன்று குறையும்.