ஆம்ப்ளிஃபயரில் பழுதான டியூபைக் கண்டுபிடிக்க

கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் கரகரப்போ கீச்சொலியோ எழுந்தால், அதிலுள்ள எல்லா டியூப்களையும் (ஒலிச் சைகையைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) ஒரேயடியாக மாற்றாமல், நல்ல நிலையிலுள்ள 12ஏஎக்ஸ்7 (கிட்டாரின் மெல்லிய சைகையை முதலில் பெருக்கும் சிறிய டியூப் வகை) ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, கிட்டார் ஒயரைச் செருகும் இடத்துக்கு அருகிலுள்ள முதல் டியூபிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பொருத்திப் பாருங்கள். எந்த இடத்தில் பொருத்தியதும் சத்தம் நிற்கிறதோ, அங்கிருந்து கழற்றிய டியூபே பழுதானது. ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தி, கண்ணாடி ஆறிய பிறகே தொட வேண்டும்.

முதல் டியூபில் தோன்றும் சிறு குறைகூட அடுத்தடுத்த நிலைகளில் பெருகி ஒலிபெருக்கியை அடைவதால், பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். ஆம்ப் இயங்கும்போது டியூபைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் லேசாக 'டொக்' என்று கேட்பது இயல்பு. மணி போல ரீங்கரித்து நீண்டால் அதை மாற்றிவிடலாம். இவ்வகை டியூப்களுக்குப் பொதுவாக பயஸ் (டியூபின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) சரிசெய்யத் தேவையில்லை என்பதால் இதை வீட்டிலேயே செய்ய முடிகிறது.

ஒலிபெருக்கியை இயக்கும் ஈஎல்34, 6எல்6 போன்ற பெரிய பவர் டியூப்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றை ஒத்த இணையாகவே வாங்கி, பல ஆம்ப்களில் பயஸையும் தொழில்நுட்பரிடம் சரிபார்க்க வேண்டும். அவற்றின் உட்தகடு செந்தழலாகச் சிவந்தால், சோதனை எதுவும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். எந்த டியூபானாலும் உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். எதை மாற்றினாலும் குறையாத சீரான முரலலுக்குக் காரணம், பெரும்பாலும் டியூப் அல்ல, மின்வழங்கலைச் சீராக்கும் பழைய ஃபில்டர் கெபாசிட்டர்கள்தான்.