ஃபேஸர் பெடல் கரகரக்குதோ? கழட்ட முதல் இதுகளைச் செய்து பாருங்கோ

ஃபேஸர் எண்டுற கிற்றார் எஃபெக்ட் பெடலை அமத்தினா சவுண்ட் சுழலோணும், ஆனா அதோட சேர்ந்து கரகரப்பும் வந்தா எரிச்சல்தான். இஞ்ச யாழ்ப்பாணத்தில கனபேர் உடன பெடல் பழுது எண்டு முடிவுகட்டி கொழும்புக்குக் குடுத்துவிடப் பாக்கினம். அவசரப்படாதேங்கோ, அனேகமா அது பழுதே இல்லை.

நான் எம்எக்ஸ்ஆர் கொம்பனியின்ர ஃபேஸ் 90 எண்டுற ஃபேஸரை வச்சுத்தான் சொல்லுறன். 1974ல வந்த டிசைன், இப்ப மலிவா வாற ஃபேஸர்கள் கனக்க அதின்ர கொப்பிதான். உள்ளுக்க சிக்னல் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாக் கடக்கிற நாலு ஸ்டேஜ், ஒவ்வொண்டிலயும் ஒரு ஜேஃபெட், அது ஒரு வகை ட்ரான்சிஸ்டர். அந்த ஜேஃபெட்டை அம்ப்ளிஃபை பண்ண வைக்கேல்ல, வோல்டேஜ் குடுத்துக் கூட்டிக் குறைக்கிற ஒரு ரெசிஸ்டராத்தான் பாவிச்சிருக்கு. சிக்னல் சின்னனா இருக்குமட்டும் அது ரெசிஸ்டர் மாதிரி ஒழுங்கா நடக்கும், சிக்னல் பெருத்தா அலையின்ர மேல்பாதிக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் கீழ்ப்பாதிக்கு வேற ஒண்டு எண்டு காட்டத் தொடங்கும், அலை ஒரு பக்கமாச் சப்பளிஞ்சுபோம், நீங்கள் கேக்கிற கரகரப்பு அதுதான்.

அப்ப முதல் வேலை, மற்றப் பெடல் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு கிற்றார், ஃபேஸர், அம்ப் மூண்டை மட்டும் கொழுவுங்கோ. கிற்றார் வொல்யூமை முழுக்கத் திறந்து ஒரு கோர்ட் அடியுங்கோ, பிறகு பாதிக்குக் குறைச்சு அதே கோர்ட். குறைக்கேக்க கரகரப்புப் போச்செண்டா சிக்னல் கூடிப்போச்சு, அவ்வளவுதான். மெல்லமா வாசிச்சாலும் கரகரக்குதெண்டா ஒண்டில் பவர் பிரச்சினை, இல்லாட்டி பயஸ் (ஜேஃபெட்டுக்குக் குடுத்து வைக்கிற அடிப்படை வோல்டேஜ்) பிரச்சினை, அதுக்குக் கீழ வாறன்.

கோயில் திருவிழா, கலியாண மண்டபம் எண்டு வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம். அம்ப் இல்லாம பெடலை நேர மிக்ஸரில குத்துறனீங்கள்தானே, அது மைக் இன்புட்டில குத்தியிருந்தா கரகரக்கிறது ஃபேஸர் இல்லை, மிக்ஸர். டிஐ பொக்ஸ் (கிற்றார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற சின்னப் பெட்டி) ஒண்டை இடையில போடுங்கோ, அது இல்லாட்டி லைன் இன்புட்டுக்கு மாத்தி கெயினைக் குறைச்சுப் பாருங்கோ.

சிக்னல் கூடினதுதான் எண்டு பிடிச்சா காசு செலவே இல்லை. சிக்னலைக் கூட்டுற பூஸ்டர் பெடல் ஃபேஸருக்கு முன்னால இருந்தா பின்னால மாத்துங்கோ. சவுண்டை வேணுமெண்டே உடைக்கிற ஓவர்டிரைவ் பெடலும் அப்பிடித்தான், சிலபேர் முன்னால வச்சாத்தான் சுழற்சி நல்லா விளங்கும் எண்டுவினம், அது உண்மைதான், ஆனா அதின்ர அவுட்புட் லெவலைக் குறைச்சு வையுங்கோ. ஹம்பக்கர் (ரெண்டு கொயில் பிக்கப்) கிற்றார் எண்டா பிக்கப்பைக் கம்பியில இருந்து கொஞ்சம் பதிச்சுவிடலாம், ரெண்டு பக்க ஸ்க்ரூவும்தான், எனக்கெண்டா வொல்யூமைக் குறைக்கிறதைவிட இது பிடிக்கும், ஏனெண்டா வொல்யூம் குறைச்சா ட்ரெபிளும் சேர்ந்து போயிடும்.

அடுத்தது பவர். மல்டிமீற்றரால பற்றரியை அளந்து பாருங்கோ. இந்த சேர்க்கிட்டில சிக்னல் 5.1 வோல்ட்டை நடுவா வச்சுத்தான் மேலயும் கீழயும் ஆடும், ஒரு செனர் டயோட் அந்த நடுவை அங்கயே பிடிச்சு வச்சிருக்கு. பற்றரி 9 வோல்ட் எண்டா மேல 3.9 வோல்ட் இடமிருக்கு, 7க்கு இறங்கினா 1.9தான் மிச்சம், பிறகு கரகரக்காம என்ன செய்யும். அடப்டர் எண்டா 9 வோல்ட் டிசி, நடுப்பின் நெகட்டிவ். 18 வோல்ட் குடுத்தாச் சரிவரும் எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, கரகரக்கிறது ஜேஃபெட், அதுக்கு வோல்டேஜ் கூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை, கப்பாசிட்டர்தான் போகும்.

இவ்வளவும் பாத்தும் போகாட்டித்தான் திறக்கிறது. பெடல் 9 வோல்ட்தான், பயமில்லை, வயரைக் கழட்டிப்போட்டுத் திறவுங்கோ. அம்பைத் திறக்காதேங்கோ, அதுக்குள்ள 230 வோல்ட் வருது.

ப்ளொக் லோகோ (பேர் கட்டை எழுத்தில இருக்கிற) ஃபேஸ் 90 எண்டா உள்ளுக்க ஆர்28 எண்டு ஒரு ரெசிஸ்டர் இருக்கு. கடைசி ஸ்டேஜில இருந்து சிக்னலைத் திருப்பி முன்னுக்கு அனுப்புறது அதுதான். பழைய ஸ்க்ரிப்ட் லோகோ (பேர் கூட்டெழுத்தில இருக்கிற) பெடலில இப்பிடித் திருப்பி அனுப்புற ஃபீட்பேக் இல்லை, அதாலதான் அது சொஃப்டாக் கேக்கும். இதின்ர ஒரு காலைச் சோல்டர் உருக்கித் தூக்கிவிட்டாக் காணும், கரகரப்பு நல்லாக் குறையும், சுழற்சியின்ர கூர்மையும் கொஞ்சம் குறையும். வெட்டி எறியாதேங்கோ, பிடிக்காட்டித் திருப்பி ஒட்டலாம். கொப்பிப் பெடல்களில நம்பர் மாறும், சேர்க்கிட் படத்தைப் பாத்துட்டுக் கை வையுங்கோ.

கடைசியா ட்ரிம்மர். சின்ன வட்டமா ஸ்க்ரூ ட்ரைவர் வெட்டோட ஒண்டு இருக்கும், நாலு ஜேஃபெட்டுக்கும் பயஸ் குடுக்கிறது இதுதான். திருப்ப முதல் இப்ப நிக்கிற இடத்தை மார்க்கரால அடையாளம் போடுங்கோ, ஃபோனில படமும் எடுங்கோ. ஸ்பீட் நொப்பை நல்லா மெதுவா வச்சுக்கொண்டு, ஒரு ஆளைக் கோர்ட் அடிக்கச் சொல்லிப்போட்டு, மயிரளவு மயிரளவாத் திருப்புங்கோ. ஒரு அந்தத்தில சுழற்சியே நிண்டிடும், மற்ற அந்தத்திலயும் நிண்டிடும், நடுவில சுழற்சி ஏறேக்கயும் இறங்கேக்கயும் ஒரே அளவாக் கேக்கிற இடம் ஒண்டு வரும். அதுக்குள்ளயும் கரகரப்பு ஆகக் குறைஞ்ச புள்ளியில விட்டுட்டு மூடியைப் பூட்டி, ஸ்பீடைக் கூட்டி ஒருக்கா, குறைச்சு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.