கூட்டத்துக்குச் சாப்பாடு சொல்வதற்கு முன்னால்

அலுவலகக் கூட்டங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது என் வேலைகளில் ஒன்று. இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் மெனுவைத்தான் தேடுவார்கள். நான் அதற்கும் முன்னால் பார்ப்பது கூட்டத்தின் நேரத்தை. பன்னிரண்டு மணிக்கு வைத்திருக்கும் கூட்டத்தைப் பத்து மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் தண்ணீர், டீ, கொஞ்சம் பழம் போதும். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவே மிச்சம். நோன்பில் இருப்பவர்களுக்கும் அது உதவி. ரமலான் சந்திர மாதக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். போன வருடத் தேதியை நம்பாமல் காலண்டரைப் பாருங்கள்.

சாப்பாடு போட்டே ஆக வேண்டும் என்றால், வருகிறவர்களிடம் கேட்க வேண்டும். "சைவமா, அசைவமா" என்று கேட்டால் பாதி விஷயம்தான் தெரியும். நான் அனுப்புவது இதுதான்: "உங்கள் தட்டில் வரக் கூடாதது ஏதாவது உண்டா? காரணம் சொல்ல வேண்டாம். தவிர்த்தால் போதுமா, அல்லது துளி பட்டாலே ஆபத்தா?" கடைசிக் கேள்விதான் முக்கியம். பால் செரிக்காதவருக்கு லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் அலர்ஜி உள்ளவருக்கு அதுவும் ஆகாது, ஏனென்றால் அவருக்குப் பிரச்சினை பால் புரதம். பதில்கள் உங்களோடு இருக்கட்டும். யாருக்கு என்ன நோய் என்று எல்லாரும் பார்க்கும் பட்டியலில் போட்டு வைக்காதீர்கள்.

அப்புறம் மெனு. மிகக் குறைந்த வகை உணவுகளையே சாப்பிடக்கூடியவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். சோறு, பருப்பு அல்லது கொண்டைக்கடலை, காய்கறி, பழம். பால், முட்டை, கோதுமை, கொட்டை வகை எதுவும் இல்லாமல் இதைச் செய்துவிட முடியும். இதுவே எல்லாருக்கும் பொதுச் சாப்பாடு. இறைச்சி, சீஸ், வேர்க்கடலை, சாஸ் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில், தனித்தனிக் கரண்டியோடு, வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். பணம் மிச்சமாவதும் இங்கேதான். பருப்பு இறைச்சியைவிட மலிவு. அதோடு ஆளுக்கொரு ஸ்பெஷல் பெட்டி சொல்வதைவிட ஒரே பெரிய பாத்திரம் எப்போதும் சிக்கனம். எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் செலவு ஏறும் என்பவர்கள், வழக்கமான மெனுவைப் போட்டுவிட்டு மேலே ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவர்கள்.

ஒளிந்திருக்கும் பொருள்களைச் சமையல்காரரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமை இருக்கும். மயோனைஸில் முட்டை. ஜெலட்டின் விலங்குகளிடமிருந்து வருவது, அதனால் பழ ஜெல்லி பலருக்கு ஆகாது. வெங்காயம், பூண்டு, கிழங்கு தவிர்ப்பவர் இருந்தால் அவற்றைச் சேர்ப்பதற்கு முன்பே அவர் பங்கை எடுத்து வைக்கச் சொல்லலாம்.

துளி பட்டாலே ஆபத்து என்று எழுதியவருக்கு மட்டும் இந்தப் பொதுப் பாத்திரம் சரிப்படாது. யாரோ ஒருவர் வேர்க்கடலைக் கரண்டியைப் பருப்பில் விட்டால் போச்சு. அவருக்குத் தனியாகச் சமைத்து, மூடி ஒட்டி, பெயர் எழுதிய பெட்டி. அவர் நம்பும் இடத்திலிருந்து அவரே வாங்கிக்கொண்டு ரசீது தருவது சில சமயம் இன்னும் நல்லது.

அளவில் ஒரு விஷயம். சைவம், அசைவம் இரண்டும் வைத்தால் முதலில் காலியாவது சைவம். அசைவக்காரர்களும் அதில் ஒரு கை பார்ப்பார்கள். பத்துப் பேர் சைவம் என்றால் பத்துப் பங்கு மட்டும் சொல்லாதீர்கள். வேறெதுவும் சாப்பிட முடியாதவர்களை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆனால் பெயர் சொல்லி மைக்கில் கூப்பிட வேண்டாம். காதோடு சொன்னால் போதும்.

பாத்திரத்துக்கு முன்னால் "காய்கறிக் கலவை" என்று மட்டும் எழுதி வைத்தால் யாருக்கும் பயனில்லை. "பீன்ஸ், கேரட், எள். பால் இல்லை, கோதுமை இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கடையில் வாங்கியதென்றால் உறையைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வையுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குக் கை எட்டும் உயரத்தில் மேசை, சர்க்கரை போடாத ஒரு பானம், இவையும் வேண்டும்.

சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் கொடுத்துவிடாதீர்கள். சோறு அதிலும் மோசம்: அதில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் வெந்தாலும் சாகாது. அதனால் கூட்டம் நீளும் என்று தெரிந்தால் பாதியை அடுப்படியிலேயே சூடாக வைக்கச் சொல்லி, பிறகு வரவழைப்பேன். மிச்சம் இருந்தால் நேரத்தோடு டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜுக்கு.

மேசையைத் துடைப்பதற்கு முன்னால் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன். எந்தப் பாத்திரம் காலி, எது அப்படியே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அடுத்த ஆர்டர் அதைப் பார்த்துத்தான்.