மொட்டை மாடி பீக்கன்: முதலில் கடிகாரம், அப்புறம் பேட்டரி

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 200 மில்லிவாட் விஸ்பர் (WSPR) பீக்கன் ஒன்று ஓடுகிறது; குறைந்த சக்தியில் ஒரு குறுஞ்செய்தியைத் தானாகத் திரும்பத் திரும்ப அனுப்பும் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் அது. அதுபோலக் கட்ட ஆசைப்படும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எவ்வளவு பெரிய பேட்டரி போடணும்?" கடிகாரத்தை முடிவு செய்யாமல் அதற்குப் பதில் கிடையாது.

விஸ்பர் செய்தி இரட்டைப்படை நிமிடம் பிறந்து 1 நொடி கழித்துத் தொடங்கி 110.6 நொடி ஓடும். இரண்டு நொடிக்கு மேல் தள்ளிப்போனால் எதிர்முனையில் டிகோட் ஆவது சந்தேகம்தான். கணக்கு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் நம்மூர் கடிகாரத்திலும் அதே இரட்டைப்படை நிமிடம்தான்.

நேரத்துக்கு எளிய வழி நியோ-6எம் மாதிரி ஒரு ஜிபிஎஸ் மாட்யூல். ஆன் செய்தவுடன் அது காட்டும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்தத் திருத்தம் செயற்கைக்கோளிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை பழைய மாட்யூல் சில நொடி தப்பாகக் காட்டலாம். முதல் 15 நிமிடம் அனுப்பாதபடி புரோகிராமில் எழுதிவிடுங்கள்.

இப்போது மின்சாரம். ஜிபிஎஸ் நாள் முழுக்க 45 மில்லிஆம்பியர் இழுக்கும். டிரான்ஸ்மிட்டர் 150 எடுத்தாலும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் சராசரி 28தான். ஆக, அனுப்புவதைவிட மணி பார்ப்பதற்கே செலவு அதிகம்!

அதனால் நான் டிஎஸ்3231 கடிகார மாட்யூலைத்தான் சொல்வேன். ஜிபிஎஸ்ஸை ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாகத் தினம் அரை மணி நேரம் மட்டும் எழுப்பி, இந்தக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டால் போதும். கத்திரி வெயிலில் மாடியில் இருக்கும் டப்பாவுக்குள் 40 டிகிரி தாண்டிவிடும். அந்தச் சூட்டுக்கு உரிய 3.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3.5 பங்கு) பிழையை வைத்துப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு 0.3 நொடிதான் விலகும். இந்த மாட்யூல் பலவற்றில் அதன் பட்டன் செல்லை சார்ஜ் செய்யும் ஒரு டயோடு இருக்கும். சாதாரண சிஆர்2032 போடுவதானால் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் செல் உப்பிவிடும்.

வெயில் அலைவரிசையையும் நகர்த்தும். 14 மெகாஹெர்ட்ஸில் 1 பிபிஎம் என்றால் 14 ஹெர்ட்ஸ். விஸ்பருக்கு உள்ள இடமோ 200 ஹெர்ட்ஸ். 14.0971 மெகாஹெர்ட்ஸ் என்று நடுவில் நிறுத்தி, டப்பாவைத் தண்ணீர் டேங்க் நிழலில் வையுங்கள்.

டிரான்ஸ்மிட்டரின் 28-உடன் மற்ற பாகங்களுக்கு 25 சேர்த்து, 5 வோல்ட்டில் சராசரி 53 மில்லிஆம்பியர். பக் கன்வர்ட்டர் (அதிகம் வீணாக்காமல் வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்) வைத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நாளுக்குச் சுமார் 0.62 ஆம்பியர்-மணி. 7805 என்ற சாதாரண ரெகுலேட்டர் போட்டால் அது 1.27 ஆகிவிடும், மிச்சமெல்லாம் சூடாகப் போகும். லெட் ஆசிட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் ஐந்து நாள் தாங்கும். ஐப்பசி அடைமழைக்கு அது வேண்டும். ஜிபிஎஸ்ஸை அணைக்காமல் விட்டால் மூன்றே நாள். சார்ஜ் ஏற்ற 10 வாட் சோலார் பேனலும் கன்ட்ரோலரும் போதும்.

பவர் பேங்க் வேண்டாம். அனுப்பாத நேரத்தில் 25 மில்லிஆம்பியர்தான் போகும். அதை 'யாரும் இல்லை' என்று எண்ணிப் பல பவர் பேங்க்குகள் தானாக அணைந்துவிடும்.

அலைவரிசையை உண்டாக்கும் எஸ்ஐ5351 சிப்புக்குத் தனியாக 3.3 வோல்ட் ரெகுலேட்டர் கொடுங்கள். ஹாம் லைசென்ஸ் வாங்கிய பிறகே ஆன்டெனாவை இணையுங்கள். வேலூர், காட்பாடிக்காரர்கள் லொகேட்டரில் (செய்தியில் நம் இடத்தைச் சொல்லும் குறியீடு) எம்கே92 என்று போடவேண்டும்.