மலைக்குளிரில் எடுக்காத தாகம்: சிறுநீரக விஷயத்தில் நாம் விடும் தவறுகள்

நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் பகல் முழுக்க மலையில் நின்றாலும் பெரிதாகத் தாகம் எடுக்காது. குளிர் அந்த உணர்வை அடக்கிவிடும். ஆனால் மூச்சோடும் வியர்வையோடும் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். குளிருக்குச் சிறுநீரும் சற்றுக் கூடுதலாகப் பிரியும். ஆகவே தாகம் வந்தால் குடிப்போம் என்று இருப்பது இங்கே முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு, வலி வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று இருப்பது. நாட்பட்ட சிறுநீரக நோய் பாதி தூரம் போகும் வரையிலும் பெரும்பாலும் ஒரு வலியும் காட்டாது.

கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். மலையில் கழிப்பறை இல்லை, அதுதான் காரணம். காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி, பகலில் இன்னொன்று, மற்றபடி அடக்கிக்கொண்டே வேலை. சிறுநீர்ப்பைக்குள் நுழையும் கிருமியைக் கழுவி வெளியே தள்ளுவது சிறுநீர்தான். அதை ஆறு, ஏழு மணித்தியாலம் தேக்கி வைத்தால் கிருமி பெருகும். பெண்களின் சிறுநீர் வழி சுமார் 4 சென்ரிமீற்றர் நீளமே என்பதால் கிருமி உள்ளே போவதும் சுலபம். இதைப் பெண்களின் அசட்டை என்று சொல்வது அநியாயம். வேலை செய்யும் இடத்துக்கு அருகே கழிப்பறை கட்டிக் கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகம். அது வரும் வரை செய்யக்கூடியது இவ்வளவு: எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, புறப்படுமுன் சிறுநீர் கழியுங்கள். ஒரு லீட்டர் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் கொண்டுபோய், கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் கால் போத்தலாவது குடியுங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். தேத்தண்ணியையும் சேர்த்து நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லீட்டர் போதும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

தேத்தண்ணி உடம்பை வற்ற வைக்கும் என்ற பயம் தேவையில்லை. அளவாகக் குடித்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். கெடுதல் சீனியில் இருக்கிறது. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 60 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவே சுமார் 50 கிராம்தான், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடித்தாலும் கணக்கு அதேதான். சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு), அடுத்த இடம் பிரஷருக்கு.

பிரஷரை ஏற்றுவது உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் எல்லை. சமைக்கும்போது யாரும் அளந்து போடுவதில்லை, ஆகவே பைக்கட்டைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 600 கிராமுக்கு மேல் உப்புத் தீர்ந்தால் அளவு கடந்துவிட்டது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சூப் கட்டி, நூடில்ஸ் தூள், பாண் இவற்றில் வரும் உப்பு இதற்கு வெளியே இருப்பதால், உண்மையில் பைக்கட் இன்னும் மெதுவாகத் தீர வேண்டும். ரொட்டி மாவில் உப்பு, கட்டச்சம்பலில் உப்பு, கூடவே பொரித்த நெத்தலி என ஒரே வேளையில் மூன்று தடவை சேர்வதுதான் நம் சாப்பாட்டின் சிக்கல். மாவில் போடுவதை விட்டுவிடுங்கள், சம்பலில் இருப்பதே நாக்குக்குப் போதும். கருவாட்டை வெந்நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அலசினால் உப்பு ஓரளவு இறங்கும், முழுக்கப் போகாது.

சிறுநீரகக் கல் என்று தெரிந்தவுடன் பாலை நிறுத்துகிறவர்கள் அதிகம். இது நேர்மாறான வேலை. பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒக்சலேட்டால் ஆனவை. சாப்பாட்டில் கல்சியம் இருந்தால் அது குடலிலேயே ஒக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் ஒக்சலேட் தடையின்றி இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் போகும். கடும் சாயத்தண்ணி, பீட்ரூட், பசளி மூன்றிலும் ஒக்சலேட் உண்டு. கல் உள்ளவர்கள் சாயத்தண்ணியைக் குறைத்து, குடிப்பதைப் பால் சேர்த்துக் குடிக்கலாம். சீனியும் உப்பும் போடாத தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்க உதவும்.

இனி மாத்திரை. கூடை சுமந்து இடுப்பு வலிக்கும்போது டவுன் பாமசியில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வாங்கி வாரக்கணக்கில் போடுவது மிக ஆபத்தானது. சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களை விரித்து வைக்கும் சுரப்பை இந்த மருந்துகள் அடக்குகின்றன. தண்ணீர் குறைந்த உடம்பில், எனலாபிரில் அல்லது லொசார்டன் போன்ற பிரஷர் மருந்தும், சிறுநீர் போக்கும் மாத்திரையும் இவற்றோடு சேர்ந்துவிட்டால் சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம். பரசிட்டமோல் இதைவிடப் பாதுகாப்பு: 500 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது, மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. குனிந்து நிமிரும்போது வலிக்கும் இடுப்பு பெரும்பாலும் தசைப் பிரச்சினை. சிறுநீரக வலி கடைசி விலா எலும்புக்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கும். காய்ச்சலோடு வரும், அல்லது அடிவயிறு வரை இழுக்கும்.

நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணி குடிப்பதில் தவறில்லை, ஆனால் அது கிருமியைக் கொல்லாது. கடுப்பு இருந்தால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், பக்கத்து வீட்டில் மிஞ்சியதை வாங்கிப் போடாதீர்கள். காமரங்காய்ச் சாற்றையும் பிலிங்காய்ச் சாற்றையும் வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் குடிப்பதால் நல்ல சிறுநீரகம்கூடத் திடீரெனச் செயலிழக்கும்; இலங்கையிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர் காமரங்காயைக் கொஞ்சமும் தொடக்கூடாது: விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை போகும். ஆடுதீண்டாப்பாளையோ, சிங்களத்தில் சப்சந்த எனப்படும் ஈசுரமூலியோ சேர்ந்த கஷாயமும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

சிறுநீரின் நிறத்தைக் காலையில் பார்த்துப் பயப்படுகிறார்கள். இரவு முழுக்கத் தேங்கிய சிறுநீர் கடுமையாகத்தான் இருக்கும், பகலில் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. பீட்ரூட் கறி சாப்பிட்ட மறுநாள் சிவந்து போகலாம். விற்றமின் பி மாத்திரை பளிச்சென்ற மஞ்சளாக்கும், காசநோய் மருந்து செம்மஞ்சளாக்கும். இவை எதுவும் இல்லாமல் சிவப்பாகப் போனால், வலியே இல்லாவிட்டாலும், ஒரே ஒரு தடவைதான் என்றாலும் காட்ட வேண்டும். நாற்பது தாண்டிய, புகைக்கும் பழக்கம் உள்ளவரென்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும் வரை விடக்கூடாது. நாள்தோறும் நிற்கும் நுரை, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், மாலையில் கணுக்காலில் விரல் அழுத்தினால் விழும் குழி, இவை புரதம் ஒழுகுவதைக் காட்டக்கூடியவை.

சிறுநீரக நோய் உறுதியானவர்களுக்கு ஆரோக்கியமானவர்களின் அறிவுரை பொருந்தாது. செவ்விளநீர், வாழைப்பழம், கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். அது இரத்தத்தில் கூடினால் இதயம் நின்றுபோகும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறி வையுங்கள். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பை வாங்காதீர்கள், அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைட். தண்ணீர் அளவையும் பருப்பு, மீன் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

சீனி வருத்தமோ பிரஷரோ இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் ‘நோர்மல்’ என்ற ஒரு சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். 60 வயதுப் பெண்ணுக்கு அது 1.1 மில்லிகிராம் என்றால் தாளில் சாதாரணமாகத் தெரியும். ஆனால் வயதைச் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (eGFR) 60க்குக் கீழே, அதாவது குறைவு. அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிருமிப் பரிசோதனைக்கான சிறுநீரை ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பது நல்லது. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுபோவதற்குள் இரண்டு மணித்தியாலம் கடந்தால் முடிவு பிழையாகும். முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைத்தான் போத்தலில் பிடிக்க வேண்டும், மருந்து தொடங்குமுன்.

நடுக்கக் காய்ச்சலோடு விலாப் பக்க வலி, கர்ப்பிணிக்குக் கடுப்பு, 12 மணித்தியாலமாகச் சிறுநீரே போகாமை, சேற்றிலோ வடிகானிலோ வேலை செய்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் (எலிக்காய்ச்சலாக இருக்கலாம்): இவற்றில் எதற்கும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீட்டில் போட்டுவந்த மாத்திரைகளையும் நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.